ஜபல் தாரிக்கும் எரிக்கப்படாத கப்பல்களும்

அனைத்துப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

நம் பிள்ளைகளுக்குத் தாரிக் என்று ஆசையோடு பெயர் சூட்டுகிறோம். தியாகம், துணிவு, தவக்குல் என்று எந்தத் தலைப்பில் ஜுமுஆ உரை நிகழ்ந்தாலும், தாரிக் பின் ஸியாத் (ரஹ்) அவர்கள் ஸ்பெயினின் கரையில் இறங்கியதும் தாம் வந்த கப்பல்களை எல்லாம் தீயிட்டுக் கொளுத்தினார் என்ற நிகழ்ச்சி தவறாமல் இடம்பெறும். கேட்போரின் உடல் சிலிர்க்கும். இதை எழுதும் எளியேனும் அந்த நிகழ்ச்சியை மிம்பரில் நின்று பலமுறை கூறியதுண்டு. ஆனால் அதன் மூலத்தைத் தேடிப் பார்த்ததில்லை. தேடிப் பார்த்தபோது கிடைத்த செய்தியையும், அந்தக் கரையின் உண்மை வரலாற்றையும் உங்கள் முன் வைப்பது கடமை என்று தோன்றியதால் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறை

ஐரோப்பாக் கண்டத்தின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் நாட்டின் தென்கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு நிற்கிறது ஒரு சிறு தீபகற்பம். அதன் மொத்தப் பரப்பு ஏழு சதுர கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. அந்தச் சிறு நிலத்தின் பெரும் பகுதியை அடைத்துக்கொண்டு 426 மீட்டர் உயரத்திற்கு ஒரே சுண்ணாம்புப் பாறை எழுந்து நிற்கிறது. பெருநிலத்தோடு அதை இணைப்பது தாழ்ந்த மணற்பரப்பு ஒன்றுதான். தொலைவிலிருந்து கப்பலில் வருவோருக்கு அந்த மணற்பரப்பு கண்ணில் படாது. கடலின் நடுவே தனித்த மலையொன்று முளைத்திருப்பதாகவே தோன்றும்.

அப்பாறையின் வடமுகம் சுவர்போல் செங்குத்தாக நிற்கிறது. கிழக்குப் பக்கமும் அவ்வாறே. அதன் அடிவாரத்தில் மணற்சரிவும், சிறு மீனவர் குடியிருப்பும் உள்ளன. மேற்குப் பக்கம் மட்டும் சற்றே சாய்வாக இறங்குவதால் நகரம் முழுவதும் அச்சரிவிலேயே அமைந்தது. பாறையின் உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் உள்ளன. மேற்புறத்தில் காட்டு ஒலிவ மரங்களும் புதர்களும் அடர்ந்திருக்கின்றன. ஐரோப்பாவில் குரங்குகள் கட்டுப்பாடின்றி வாழும் ஒரே இடம் இதுவே. கிழக்கிலிருந்து ஈரக்காற்று வீசும் நாட்களில், அக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து, உச்சியில் வெண்கொடி கட்டியதுபோல் மேகமாக நிற்கும். சுற்றிலும் வெயில் எறிக்க, நகரம் மட்டும் நிழலில் கிடக்கும்.

தென்முனையில் நின்று பார்த்தால் எதிரே ஆப்பிரிக்கா தெரியும். நீரிணையின் மிகக் குறுகிய இடத்தில் இரு கண்டங்களுக்கும் இடையே சுமார் 14 கிலோமீட்டர்தான் தூரம். வசந்த காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வடக்கேயும், இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தெற்கேயும் பருந்துகளும் கழுகுகளும் நாரைகளும் கூட்டம் கூட்டமாக இந்நீரிணையைக் கடக்கின்றன. அவற்றை வானில் தாங்குபவன் அல்லாஹ்வே என்று திருக்குர்ஆன் (67:19) சிந்திக்கச் சொல்வதை அங்கே கண்ணாரக் காணலாம்.

எதிர்க்கரையிலும் ஒரு மலை உண்டு. அதன் பெயர் ஜபல் மூஸா. ஆப்பிரிக்காவின் ஆளுநராக இருந்த மூஸா பின் நுஸைர் (ரஹ்) அவர்களின் பெயரால் வழங்குவது அது. இக்கரைப் பாறைக்கு அவருடைய தளபதியின் பெயர்: ஜபல் தாரிக், அதாவது தாரிக்கின் மலை. ஸ்பானியரின் நாவில் அப்பெயர் திரிந்து ஜிப்ரால்டர் ஆயிற்று. முஸ்லிம்கள் அங்கிருந்து வெளியேறி ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகும், ஆங்கிலேயரும் ஸ்பானியரும் தம்மையறியாமல் ஒரு முஸ்லிம் தளபதியின் பெயரையே நாள்தோறும் உச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரு கடல்கள் சந்திக்கும் இடம்

இந்நீரிணையில்தான் அட்லாண்டிக் பெருங்கடலும் மத்திய தரைக்கடலும் சந்திக்கின்றன. மத்திய தரைக்கடலில் ஆறுகளும் மழையும் கொண்டுவரும் நீரைவிட வெயிலில் ஆவியாகும் நீரே அதிகம். ஆகவே அதன் நீர் உப்பு மிகுந்து கனமாகிறது. ஆயிரம் பங்கு அட்லாண்டிக் நீரில் ஏறத்தாழ 36 பங்கு உப்பு இருந்தால், மத்திய தரைக்கடல் நீரில் 38 பங்கு இருக்கும். குறைந்துபோன நீரை ஈடுசெய்ய அட்லாண்டிக் நீர் மேற்பரப்பின் வழியே உள்ளே பாய்கிறது. கனமான மத்திய தரைக்கடல் நீர் அடியாழத்தின் வழியே வெளியே செல்கிறது. ஒரே வாயிலில் மேலே ஒரு கடல் உள்ளே நுழைய, கீழே மறு கடல் வெளியேறுகிறது! வெளியேறிய நீர் சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் தன் வெப்பத்தாலும் உப்பாலும் அடையாளம் காணத்தக்கதாக நெடுந்தூரம் செல்கிறது. இருப்பினும் இரண்டும் சிறிதும் கலப்பதேயில்லை என்று கூறுவது சரியன்று. அவை சிறிது சிறிதாகக் கலக்கவே செய்கின்றன.

இரு கடல்கள் சந்திப்பதையும் அவற்றுக்கிடையே உள்ள தடுப்பையும் அர்ரஹ்மான் அத்தியாயம் (55:19, 20) நினைவூட்டுவதை நாம் அறிவோம். அந்த வசனங்களின் மாண்பைச் சொல்லும்போது இன்னொரு கதையும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோ இந்நீரிணையை ஆராய்ந்து, வியந்து, இஸ்லாத்தைத் தழுவினார் என்பது அக்கதை. உண்மை யாதெனில், 1997ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் காலமானபோது பாரிஸ் நகரின் நோத்ர் தாம் பேராலயத்தில் கத்தோலிக்க முறைப்படியே அவருக்கு இறுதி வழிபாடு நடைபெற்றது. அல்லாஹ்வின் வேதம் உண்மை என்பதற்கு ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயரில் புனைந்த சான்று தேவையா? புனைவு ஒருநாள் வெளிப்படும்போது, அதைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் கதையை மட்டுமா சந்தேகிப்பார்கள்? சற்றே சிந்தியுங்கள்.

தாரிக் கரையிறங்கிய நாட்கள்

இனி வரலாற்றுக்கு வருவோம். உமைய்யா கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக் அவர்களின் ஆட்சிக்காலம். ஸ்பெயினை விசிகோத் இனத்து மன்னன் ரோட்ரிக் ஆண்டுவந்தான். அவனுக்கு முன் ஆண்ட மன்னனின் குடும்பத்தாருக்கும் அவனுக்கும் பகை மூண்டிருந்தது. நீரிணையின் தென்கரையில் உள்ள சப்தா (சியூட்டா) நகரின் தலைவன் ஜூலியானும் அவன் மீது மனக்கசப்புற்று முஸ்லிம்களின் உதவியை நாடினான்.

மூஸா பின் நுஸைர் (ரஹ்) அவசரப்படவில்லை. முதலில் ஹிஜ்ரி 91இல் (கி.பி. 710) தரீஃப் என்பவரின் தலைமையில் சில நூறு வீரர்களை மட்டும் அனுப்பி நிலைமையை அறிந்துவரச் செய்தார். அவர் இறங்கிய இடம் இன்றும் தரீஃபா என்றே அழைக்கப்படுகிறது. அவர் நலமாகத் திரும்பி வந்து செய்தி கூறிய பின்னரே, ஹிஜ்ரி 92 ரஜப் மாதத்தில் (கி.பி. 711) ஏறத்தாழ 7000 வீரர்களோடு தாரிக் பின் ஸியாத் (ரஹ்) அனுப்பப்பட்டார். அப்படையில் பெரும்பாலோர் இஸ்லாத்தைப் புதிதாக ஏற்ற பெர்பர்கள். தாரிக்கும் பெர்பர் இனத்தவர் என்றே பலரும் கூறுகின்றனர்.

கடலைக் கடக்க அவர்களிடம் இருந்த கப்பல்கள் மிகக் குறைவு. அவையும் ஜூலியானிடமிருந்து பெறப்பட்ட வணிகக் கப்பல்கள். வழக்கமாக வந்துபோகும் வணிகக் கப்பல்கள்தானே என்று எதிர்க்கரையோர் ஐயுறவில்லை. அவை மீண்டும் மீண்டும் சென்று வந்து வீரர்களைச் சிறுசிறு குழுக்களாகக் கரை சேர்த்தன. வந்தவர்கள் அந்தப் பாறையின் அடிவாரத்திலேயே கூடி, படை முழுவதும் சேரும்வரை காத்திருந்தார்கள். செங்குத்துப் பாறை அவர்களுக்கு அரணாக நின்றது.

ரோட்ரிக் பெரும்படையோடு வருகிறான் என்ற செய்தி கிடைத்ததும் தாரிக், மூஸாவுக்குக் கடிதம் எழுதி மேலும் படை வேண்டினார். இதற்கிடையே மூஸா புதிய கப்பல்களைக் கட்டச் செய்திருந்தார். அவற்றில் ஏறி மேலும் 5000 வீரர்கள் வந்து சேர்ந்தனர். ஆக, 12,000 பேர் கொண்ட படை அதே ஆண்டு ரமளான் மாத இறுதியில் லக்கா ஆற்றங்கரையில் ரோட்ரிக்கின் படையைச் சந்தித்தது. போர் எட்டு நாட்கள் நீடித்ததாகக் கூறப்படுகிறது. ரோட்ரிக்கின் அணியில் பிளவு ஏற்பட்டது. அவன் தோற்றான். ஸ்பெயினின் வாயில் திறந்தது.

கப்பல்கள் எரிக்கப்பட்டனவா?

இந்நிகழ்ச்சிகளை எழுதிய முற்கால ஆசிரியர்களில் முக்கியமானவர் எகிப்தைச் சேர்ந்த இப்னு அப்துல் ஹகம் (ரஹ்). ஹிஜ்ரி 257இல் மறைந்தவர். எகிப்து, வட ஆப்பிரிக்கா, அந்தலுஸ் ஆகியவற்றின் வெற்றி வரலாற்றை எழுதிய அவர், கப்பல் எரிப்பைக் கூறவில்லை. மூஸா கப்பல்கள் கட்டியதையும், 5000 பேரை அனுப்பியதையும் விவரிக்கும் 'அக்பார் மஜ்மூஆ' என்ற பழைய வரலாற்று நூலிலும் அது இல்லை.

அதை முதன்முதலில் எழுத்தில் கொண்டுவந்தவராக அறியப்படுபவர் புவியியல் அறிஞர் இத்ரீஸீ. அவர் தம் நூலை முடித்தது கி.பி. 1154இல். அதாவது தாரிக் கரையிறங்கி ஏறத்தாழ 440 ஆண்டுகளுக்குப் பிறகு! அவர் கூறும் காரணமும் நாம் மேடைகளில் கூறுவதன்று. அரபு வீரர்கள் தம்மை முழுமையாக நம்பவில்லை என்று தாரிக் உணர்ந்ததாகவும், அந்த ஐயத்தைப் போக்கவே கப்பல்களை எரிக்கச் சொன்னதாகவும் அவர் எழுதுகிறார். அன்று தாரிக் ஆற்றியதாகச் சொல்லப்படும் நீண்ட, அடுக்குமொழி நிறைந்த அரபு உரையும் பிற்கால நூல்களில்தான் விரிவாகக் கிடைக்கிறது. படையினரில் பெரும்பாலோர் பெர்பர் மொழி பேசியவர்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

அறிவைக்கொண்டு சிந்தித்தாலும் ஐயமே எழும். கப்பல்கள் தாரிக்கின் உடைமை அல்ல, இன்னொருவரிடமிருந்து பெற்றவை. பிறருடைய பொருளை எரிக்க ஓர் இஸ்லாமியத் தளபதிக்கு உரிமை ஏது? மேலும், துணைப்படை வேண்டும் என்று கடிதம் எழுதும் தளபதி, அப்படையை ஏற்றிவரும் வழியைத் தானே அடைத்துக்கொள்வாரா? அக்கடிதத்தைச் சுமந்து சென்றதும் ஒரு கப்பல்தானே!

பெருமக்களே! தீயவன் ஒருவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (49:6). காதில் விழுந்ததை எல்லாம் பேசித் திரிவதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதுமானது என்று பெருமானார் (ஸல்) எச்சரித்த செய்தி முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியுள்ளது. பெருமானாரின் சொற்களைப் பாதுகாக்க அறிவிப்பாளர் தொடரையே ஒரு கலையாக வளர்த்த சமுதாயம் நாம். அத்தகைய நாம், வரலாறு என்று வந்துவிட்டால் மட்டும் இனிக்கும் கதையை எடுத்துக்கொண்டு மூலத்தைக் கேட்காமல் விடலாமா?

கப்பலை எரித்தார் என்ற கதையைக் கழித்துவிட்டால் தாரிக் சிறுத்துவிடுவார் என்று எவரும் அஞ்ச வேண்டாம். ஓராண்டுக் காலம் உளவறிந்து, இருக்கும் சில கப்பல்களைக்கொண்டு பொறுமையாகப் படையைக் கடத்தி, அரணான இடத்தில் காத்திருந்து, தன் பலக்குறைவை மறைக்காமல் தலைவருக்கு எழுதி உதவி கேட்ட தளபதியே உண்மையான தாரிக். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு பெருமானார் (ஸல்) கற்றுத் தந்தார்களே, அந்தத் தவக்குல் இது. கையிலுள்ள சாதனங்களை எரித்துவிட்டு அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போடுவது நமக்குக் கற்றுத்தரப்பட்ட வழியன்று. முதலீட்டை எல்லாம் ஒரே வியாபாரத்தில் போட்டுவிட்டு, 'தாரிக் கப்பலை எரித்ததைப் போல' என்று சொல்லும் இளைஞர்களுக்கு இதைச் சொல்வது நம் பொறுப்பு.

மலையில் எழுந்த வெற்றி நகரம்

தாரிக்கின் பெயர் பெற்றாலும், நெடுங்காலம் அப்பாறையில் பெரிய நகரம் எதுவும் இருக்கவில்லை. கி.பி. 1160இல்தான் முவஹ்ஹிதீன்களின் சுல்தான் அப்துல் முஃமின் அங்கே ஒரு நகரம் எழுப்பக் கட்டளையிட்டார். அதற்கு மதீனத்துல் ஃபத்ஹ், அதாவது வெற்றி நகரம் என்று பெயர் சூட்டினார். மாலகாவைச் சேர்ந்த ஹாஜி யஈஷ் என்ற பொறியாளரும், இஷ்பீலிய்யாவின் (செவில்) கட்டடக் கலைஞர் அஹ்மத் பின் பாஸோவும் அப்பணியில் ஈடுபட்டனர். பள்ளிவாசலும், அரண்மனையும், மதில்களும், நீர்த்தேக்கமும் அமைந்தன. காற்று ஓயாத அம்மலையின் உச்சியில் ஹாஜி யஈஷ் ஒரு காற்றாலையையும் நிறுவினார். கட்டுமானம் நடக்கும்போதே சுல்தான் கடல் கடந்து வந்து, சுமார் இரண்டு மாதங்கள் அங்கே தங்கினார்.

ஆனால் வெற்றி என்ற பெயர் மட்டுமே வெற்றியைத் தந்துவிடுமா? ஒன்றாயிருந்த அந்தலுஸ் ஏற்கெனவே சிற்றரசுகளாகச் சிதறிப் பழகியிருந்தது. 1212இல் முவஹ்ஹிதீன்கள் பெருந்தோல்வி கண்டபின் மீண்டும் சிதறியது. குர்துபா 1236இலும், இஷ்பீலிய்யா 1248இலும் கைவிட்டுப் போயின. எஞ்சியது கர்னாதா (கிரனடா) அரசும், தெற்கே சில கடற்கரைக் கோட்டைகளும் மட்டுமே.

முதியவர் ஒருவரின் முறையீடு

1309ஆம் ஆண்டு செப்டம்பரில் காஸ்டில் மன்னன் நான்காம் பெர்னாண்டோ ஜபல் தாரிக்கைக் கைப்பற்றினான். கோட்டையை ஒப்படைத்துவிட்டு உயிரோடு வெளியேறலாம் என்பது உடன்பாடு. ஆயிரத்துச் சொச்சம் முஸ்லிம்கள் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார்கள்.

அவ்வேளையில் முதியவர் ஒருவர் மன்னன் முன் வந்து நின்று பேசியதை அம்மன்னனின் வரலாற்றை எழுதிய ஸ்பானிய ஏடே பதிவு செய்திருக்கிறது. அம்முதியவர் கூறியதன் கருத்து இது: உன் பாட்டனாரின் தந்தை இஷ்பீலிய்யாவை வென்றபோது அங்கிருந்து துரத்தப்பட்டேன், ஷரீஷ் (ஜெரெஸ்) நகரில் வந்து குடியேறினேன். உன் பாட்டனார் அங்கிருந்து துரத்தினார், தரீஃபாவுக்கு வந்தேன். உன் தந்தை தரீஃபாவைக் கைப்பற்றினார். இங்கே பாதுகாப்பாக இருக்கலாம் என்று ஜபல் தாரிக்குக்கு வந்தேன். இப்போது நீ வந்து துரத்துகிறாய். இக்கரையில் எனக்கு இனி இடமில்லை. கடல் கடந்து சென்று, என் எஞ்சிய நாட்களை நிம்மதியாகக் கழிக்கக்கூடிய ஓர் இடத்தைத் தேடிக்கொள்கிறேன்.

இஷ்பீலிய்யா வீழ்ந்தது 1248இல். அப்போது அவர் சிறுவராகவோ இளைஞராகவோ இருந்திருக்க வேண்டும். ஷரீஷ் 1264இல், தரீஃபா 1292இல், ஜபல் தாரிக் 1309இல். அறுபது ஆண்டுகளில் நான்கு வீடுகள், நான்கு பள்ளிவாசல்கள், நான்கு கப்ருஸ்தான்கள் அவருக்கு அந்நியமாயின. அவருடைய பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. வென்றவனின் எழுத்தரே அவருடைய சொற்களை மறக்க இயலாமல் எழுதி வைத்தார். தாரிக்கின் கப்பல்களை நாம் அறிந்திருக்கிறோம். அந்த முதியவர் ஏறிச்சென்ற கப்பலை நம் மேடைகளில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்?

இப்னு பதூதாவின் ஆசை

1333இல் மொரோக்கோவின் மரீனிய்யா சுல்தான் அபுல் ஹஸன் தம் மகனை அனுப்பி ஜபல் தாரிக்கை மீட்டார். மதில்களைப் பலப்படுத்தினார், பெரிய கோபுரத்தைப் புதுப்பித்தார். கடற்புயலிலும் பீரங்கிக் குண்டுகளிலும் தப்பிய அக்கோபுரம் இன்றும் நகரின் மேலே நிற்கிறது.

1349இல் காஸ்டில் மன்னன் பதினோராம் அல்ஃபோன்ஸோ மீண்டும் அதை முற்றுகையிட்டான். அப்போது உலகை உலுக்கிய கொள்ளைநோய் அவனுடைய பாசறைக்குள்ளும் புகுந்தது. 1350 மார்ச் மாதம் அதே நோயில் மன்னனும் மாண்டான். முற்றுகை கலைந்தது. அந்த ஆண்டுதான் உலகம் சுற்றிய இப்னு பதூதா (ரஹ்) ஜபல் தாரிக்கைக் காக்கும் எண்ணத்தோடு வந்து சேர்ந்தார். மலையைச் சுற்றி நடந்து, அபுல் ஹஸனின் கட்டுமானங்களையும் தளவாடங்களையும் பார்த்து வியந்தார். தம் வாழ்நாள் முடியும்வரை அங்கே காவலர்களில் ஒருவராக இருந்துவிட விரும்பியதாகத் தம் பயண நூலில் பதிவு செய்தார். சீனம்வரை கண்ட ஒருவர் தங்கிவிட ஆசைப்பட்ட இடம் அது! அபுல் ஹஸனின் மகன் சுல்தான் அபூ இனான் அம்மலையின் மதில்கள், கோபுரங்கள், வாயில்கள் அனைத்தையும் காட்டும் மாதிரி உருவம் ஒன்றைத் தம் அரண்மனையில் செய்து வைத்திருந்தார் என்ற செய்தியும் அந்நூலில் உண்டு.

ஆனால் அதே அபூ இனான், தம் தந்தை உயிரோடு இருக்கும்போதே அரியணையைக் கைப்பற்றியவர் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. மலையின் உருவத்தை அரண்மனையில் வைத்துப் பாதுகாத்தார்கள். மலையைக் காக்கும் ஒற்றுமையைப் பாதுகாக்கவில்லை.

காவலர் இல்லாத கோட்டை

பின்னர் அப்பாறை கர்னாதா சுல்தான்களின் வசமாயிற்று. ஒரு கட்டத்தில் அங்கிருந்த காவற்படை கர்னாதாவுக்கு எதிராகக் கிளம்பி மொரோக்கோவின் பக்கம் சாய்ந்தது. 1411இல் கர்னாதாப் படை வந்து முற்றுகையிட்டு அதை மீட்டது. உள்ளே இருந்தவர்களும் முஸ்லிம்கள். வெளியே முற்றுகையிட்டவர்களும் முஸ்லிம்கள். இரு தரப்பும் பாங்கு சொன்னது ஒரே கிப்லாவை நோக்கித்தான்!

அரை நூற்றாண்டு கழிந்தது. கர்னாதாவின் அரியணைக்கு ஒரே குடும்பத்தார் தமக்குள் மோதிக்கொண்டிருந்தனர். 1462இல் ஜபல் தாரிக்கின் முக்கிய வீரர்கள் பலர் மாலகாவுக்குச் சென்றிருந்த நேரம். நகரைச் சேர்ந்த ஒருவனே தரீஃபாவின் ஸ்பானியத் தளபதியிடம் சென்று, கோட்டையில் காவல் குறைந்துவிட்டது என்ற செய்தியைச் சேர்ப்பித்தான். பகைவர் திரண்டு வந்தனர். ஆகஸ்ட் 20ஆம் நாள் அக்கோட்டை வீழ்ந்தது. அதன்பின் அது முஸ்லிம்களிடம் திரும்பவேயில்லை. முப்பது ஆண்டுகளில், 1492 ஜனவரியில், கர்னாதாவும் கைவிட்டுப் போயிற்று.

தமக்குள் சச்சரவு செய்துகொண்டால் கோழைகளாகி, வலிமை போய்விடும் என்று அன்ஃபால் அத்தியாயம் (8:46) எச்சரிக்கிறது. அதற்கு விரிவுரை வேண்டுவோர் அந்தப் பாறையைப் பார்க்கட்டும். 426 மீட்டர் உயரமும், செங்குத்துச் சுவரும், மூன்று பக்கம் கடலும் கொண்டு அல்லாஹ் அமைத்துக் கொடுத்த அரண் அது. அரணில் குறையில்லை, அரணுக்குள் இருந்த மனங்களில் குறை இருந்தது. ஒரு முத்தவல்லி பதவிக்காக ஒரே தெருவில் இரண்டு ஜமாஅத்துகள் பிரியும்போதும், சொத்துப் பங்கீட்டில் அண்ணன் தம்பி ஸலாம் நிறுத்தும்போதும், 1411இன் முற்றுகைதான் நம் கண்முன் நடந்துகொண்டிருக்கிறது.

இன்றைய ஜபல் தாரிக்

1704இல் ஆங்கிலேய, டச்சுக் கடற்படை அதைக் கைப்பற்றியது. 1713இன் உட்ரெக்ட் உடன்படிக்கை அதைப் பிரிட்டனுக்கு அளித்தபோது, யூதர்களும் மூர்களும், அதாவது முஸ்லிம்களும், அங்கே குடியிருக்கக்கூடாது என்று ஒரு விதி எழுதப்பட்டது. ஆயினும் ஸ்பெயின் தரைவழியை அடைத்தபோது பலமுறை அங்கிருந்தோருக்கு உணவு அனுப்பியது எதிர்க்கரை மொரோக்கோதான். தாளில் எழுதிய தடையை வயிற்றுப் பசி வென்றது. 1969இல் ஸ்பெயின் எல்லையை முற்றாக மூடியபோதும் வேலைக்கு ஆளின்றித் தவித்த அந்நகரைத் தாங்க மொரோக்கோத் தொழிலாளர்களே கடல் கடந்து வந்தார்கள். தாரிக் வந்த அதே நீர்வழியில், கையில் வாளின்றிக் கருவிகளோடு வந்தவர்கள் அவர்கள்.

பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்தில் இன்று கத்தோலிக்கப் பேராலயம் உள்ளது. பள்ளியின் முற்றத்துடைய ஒரு பகுதி மட்டும் அங்கே எஞ்சியிருக்கிறது. பழைய குளியல் மண்டபம் அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் காணக் கிடைக்கிறது. அபுல் ஹஸன் புதுப்பித்த கோட்டையின் ஒரு பகுதி 2010 வரை சிறைச்சாலையாகப் பயன்பட்டது. தென்முனையில் இருந்த பள்ளிவாசல் 1462க்குப் பின் மர்யம் அம்மையார் பெயரில் தேவாலயமாக்கப்பட்டது. அதற்குச் சற்றுத் தொலைவில், கலங்கரை விளக்கத்தின் அருகே, ஸவூதி மன்னர் ஃபஹதின் கொடையால் கட்டப்பட்ட இப்ராஹீம் பள்ளிவாசல் 1997இல் திறக்கப்பட்டது. அதன் மினாரா ஆப்பிரிக்காவை நோக்கி நிற்கிறது. அப்பாறையில் வாழும் முஸ்லிம்கள் சிறு தொகையினரே. ஆனாலும் தொழுகை மீண்டும் நிலைநாட்டப்பட்டுள்ளது. வெற்றி தோல்வியின் நாட்களை மனிதரிடையே மாறி மாறி வரச்செய்வதாக அல்லாஹ் கூறுவது (3:140) எவ்வளவு உண்மை!

நம் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வோம்?

அன்பிற்குரியவர்களே! இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் உலகத்து நூலகங்களின் திறவுகோல் இருக்கிறது. நாம் மிம்பரிலும் சாப்பாட்டு விரிப்பிலும் சொல்வதை நொடியில் சரிபார்க்கிறார்கள். எரிக்கப்பட்ட கப்பல்களின் கதை ஐயத்திற்குரியது என்று அவர்கள் வேறெங்கோ படித்து அறிந்தால், நாம் சொன்ன மற்றச் செய்திகளின் மீதும் அந்த ஐயம் படரும். அதை நாமே சொல்லிக்கொடுத்தால், நம் சொல்லின் மீது அவர்களுக்கு நம்பிக்கை வளரும்.

ஆகவே தாரிக்கைச் சொல்லுங்கள். ஆலோசித்து, ஆயத்தம் செய்து, உதவி கேட்கத் தயங்காத தளபதியாகச் சொல்லுங்கள். ஹாஜி யஈஷின் காற்றாலையைச் சொல்லுங்கள். இப்னு பதூதாவின் ஆசையைச் சொல்லுங்கள். ஒருவரையொருவர் முற்றுகையிட்டுக்கொண்ட சகோதரர்களை மறைக்காமல் சொல்லுங்கள். பெயர் தெரியாத அந்த முதியவரைக் கட்டாயம் சொல்லுங்கள். அவர் இடம்பெயர்ந்த ஒவ்வோர் ஊரும் முஸ்லிம்கள் ஒன்றுபடாத ஒரு தலைமுறையின் கணக்கு.

கப்பலை எரித்த கதையை இனி மிம்பரில் கூறுவதில்லை என்று இந்த எளியேன் உறுதி பூண்டுள்ளேன். முன்பு கூறியதற்கு அல்லாஹ்விடம் பிழைபொறுக்கத் தேடுகிறேன். அன்று அதைக் கேட்ட ஜமாஅத்தார் இக்கட்டுரையைத் திருத்தமாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

வல்ல ரஹ்மான் நம் நாவுகளை உண்மையில் நிலைபெறச் செய்வானாக! நம் உள்ளங்களை ஒன்றிணைப்பானாக! வீடிழந்து, ஊரிழந்து அலையும் மக்கள் அனைவருக்கும் நிம்மதியான இருப்பிடத்தைத் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!